அப்படி அழைத்தவர் யார்?

உபாகமம் இரண்டாம் அதிகாரத்தின் 20-ஆம் வசனத்தில் ஓர் இனத்தின் பெயர் வருகிறது: சம்சூமியர். எபிரேய வேதம் முழுவதையும் தேடினாலும் இந்தப் பெயர் இந்த ஓரிடத்தில்தான் அகப்படும். அடுத்த வசனத்திலேயே அவர்கள் அழிந்துபோகிறார்கள். அவர்களில் ஒருவருடைய பெயர்கூட நமக்குச் சொல்லப்படவில்லை. அவர்கள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லும் இல்லை. பலத்தவர்கள், ஏராளமானவர்கள், ஏனாக்கியரைப் போல நெட்டையானவர்கள். அவ்வளவுதான் கிடைக்கிறது.

நான் அரசுப் பள்ளியில் சரித்திரம் கற்பித்து ஓய்வுபெற்றவள். தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கள் சபையில் இளையோருக்கு வேதபாட வகுப்பு எடுத்துவருகிறேன். வேதாகமத்தில் எத்தனையோ பெரிய வசனங்கள் இருக்க, இந்தச் சின்ன வசனத்தில் நான் நின்றுவிடுவதற்குக் காரணம், அந்தப் பெயரோடு வேதமே சேர்த்துவைத்திருக்கும் ஒரு குறிப்பு. அவர்களை அப்படி அழைத்தவர்கள் அம்மோனியர் என்று அந்த வசனம் சொல்லிவிடுகிறது. ஒரு கூட்டத்தாரின் பெயரைச் சொல்லும்போது அதைச் சூட்டியவர் யார் என்பதையும் சொல்வதே நியாயம். நம் பிரசங்க மேடைகளும் பாடநூல்களும் அரசு அட்டவணைகளும் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். அம்மோனியரின் தலைநகரம் ரப்பா. பின்னாளில் எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி அதற்குப் பிலதெல்பியா என்று பெயர் வைத்தார். இன்று அது ஜோர்தானின் தலைநகரம் அம்மான். ஊர்ப்பெயரிலேயே அம்மோன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்குள்ள கோட்டைக்குன்றில் 1961-ல் ஒரு சுண்ணாம்புக் கல்வெட்டு கிடைத்தது, அது கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அம்மோனிய மொழியிலானது. 1972-ல் அம்மானிலேயே டெல் சிரான் மேட்டில் அம்மினதாப் என்ற அரசனின் பெயர் பொறித்த ஒரு சிறு வெண்கலக் குப்பி அகப்பட்டது. ஆக, அம்மோனியர் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன சில வரிகள் நம் கையில் இருக்கின்றன. அவர்களுக்கு முன் அந்த மண்ணில் இருந்ததாகச் சொல்லப்படும் சம்சூமியர் எழுதிய ஒரு வரியும் இல்லை. அவர்களைப் பற்றிப் பேசியவர்கள், அவர்களை அகற்றிவிட்டு அங்கே குடியேறியவர்கள்.

இந்தப் பெயருக்கு என்ன பொருள்? அறிஞர்களிடையே இரண்டு விளக்கங்கள் உண்டு. எபிரேயத்தில் திட்டமிடுதல், சூழ்ச்சி செய்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்ததாகக் கொண்டு, சூழ்ச்சிக்காரர் என்பது ஒன்று. மற்றொன்று ஓசையிலிருந்து புறப்படுகிறது. அரபியில் ‘ஸம்ஸம’ என்ற சொல், தொலைவில் உருளும் இடி முழக்கத்தையும், தெளிவில்லாமல் முணுமுணுக்கும் குரலையும் குறிக்கும். ஜொராஸ்திரிய குருமார் வாய்க்குள் ஓதுவதையும் அரபியர் அந்தச் சொல்லால்தான் சொன்னார்கள். அதன்படி சம்சூமியர் என்றால் ‘முணுமுணுப்பவர்கள்’, புரியாத பேச்சுக்காரர்கள். இரட்டைக்கிளவியோடு பிறந்து வளர்ந்த நமக்கு இந்த இரண்டாம் விளக்கம் காதிலேயே புரிந்துவிடும். ‘முணுமுணு’, ‘சளசள’, ‘கசமுச’ என்பதுபோல ‘ஸம்ஸம்’. புதிதாக வந்தவர்களின் காதுக்கு, முன்பே இருந்தவர்களின் மொழி வெறும் இரைச்சலாகக் கேட்டிருக்கிறது. அந்த இரைச்சலையே அவர்களுக்குப் பெயராக்கிவிட்டார்கள்.

எனக்கு இந்த இரண்டாவதே சரியெனப் படுகிறது. உலகம் முழுவதும் மனிதர்கள் இதையே செய்திருக்கிறார்கள். கிரேக்கம் பேசத் தெரியாதவர்கள் ‘பர் பர்’ என்று ஒலிப்பதாகக் கருதி அவர்களுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் ‘பார்பரோஸ்’. ரஷ்யர்கள் ஜெர்மானியருக்கு வைத்த பெயர், ஊமை என்ற சொல்லின் உறவு. வடமொழியின் ‘மிலேச்சர்’ தெளிவற்றுப் பேசுவோரைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. நம் முல்லைப்பாட்டிலும் அந்தச் சொல் இருக்கிறது. பாசறையில் அரசனுக்குக் காவல் நிற்கும் அயல்நாட்டார், வாயால் பேசாமல் உடம்பால் பேசுகிறவர்களாக அங்கே வருகிறார்கள். அந்தக் காவலர்களுக்கும் தாய்மொழி ஒன்று இருந்தது. அதில் அவர்கள் தாலாட்டு கேட்டுத்தான் வளர்ந்திருப்பார்கள். பாசறையில் அதைப் புரிந்துகொள்ளத்தான் ஆள் இல்லை.

ஆதியாகமம் 14-ஆம் அதிகாரத்தில் கெதர்லாகோமேர் என்ற ராஜா வழியெங்கும் முறியடிக்கும் இனங்களின் பட்டியலில் சூசிமியர் என்று ஒரு பெயர் வருகிறது. சம்சூமியர் இவர்களே என்று பலர் கருதுகிறார்கள். கும்ரான் குகைகளில் 1947-ல் முதலில் கிடைத்த தோல்சுருள்களில் ஒன்று ஆதியாகமக் கதைகளை அரமேய மொழியில் மறுபடி சொல்கிறது. அது இவர்களை அம்மோனில் வைத்து, உபாகமப் பெயரை ஒட்டியே அழைக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜின்டோ ஆதியாகமத்தின் சூசிமியரைப் பெயராகவே எடுத்துக்கொள்ளாமல் ‘பலத்த ஜாதிகள்’ என்று எழுதிவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவர்கள் யாரென்று சொல்ல ஆள் இல்லாமல் போயிருந்தது.

இனி, உபாகமத்தின் அந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசித்துப் பாருங்கள். சம்சூமியர் தனியாக இல்லை. மோவாபில் முன்பு குடியிருந்தவர்களை மோவாபியர் ‘ஏமியர்’ என்றார்கள். அந்தச் சொல் எபிரேயத்தில் திகிலைக் குறிக்கும் சொல்லோடு ஒத்துப்போகிறது. சேயீரில் ஓரியர் இருந்தார்கள். ஏசாவின் பிள்ளைகள் அவர்களைத் துரத்தினார்கள். காசாவரைக்கும் கிராமங்களில் ஆவியர் இருந்தார்கள். கப்தோரிலிருந்து வந்தவர்கள் அவர்களை அழித்தார்கள். ஒரு நாட்டுக்கு முன்பு யார் சொந்தக்காரர், யார் வந்து எடுத்துக்கொண்டார் என்று நான்கு முறை நின்று நிதானமாகக் கணக்கு எழுதிவைத்திருக்கிறது அந்த அதிகாரம். மோசேயின் பேச்சுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் சேர்த்ததுபோல இந்தக் குறிப்புகள் நிற்கின்றன. பிற்காலத்தில் யாரோ ஒரு வேதபாரகர் சேர்த்தவை என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு.

யாராயிருந்தாலும் அவருக்கு நான் நன்றியுள்ளவள். தன் இனம் வெற்றிபெற்ற கதையை எழுதும்போது, அந்த மண்ணில் முன்பு வேறு மனிதர்கள் இருந்தார்கள் என்று எழுத மனம் வேண்டும். அவர்களுக்கு வழங்கும் பெயர் இன்னார் வைத்தது என்று எழுத அதைவிடப் பெரிய நேர்மை வேண்டும். அம்மோனியரையும் மோவாபியரையும் தொந்தரவு செய்யாதே, அவர்கள் நாடும் நான் கொடுத்ததுதான் என்று இஸ்ரவேலுக்கு ஆண்டவர் சொல்வதும் இதே அதிகாரத்தில்தான். பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்து கொண்டுவந்ததும் நானல்லவா என்று ஆண்டவர் கேட்பதாக ஆமோஸ் தீர்க்கதரிசி பின்னாளில் உரைப்பதும் இந்த வழியில் வந்த சிந்தனையே.

ஆனால் நம் மேடைகளில் இந்த இனங்கள் எப்படி வருகின்றன? இராட்சதர்களாக. நம் பழைய திருப்புதலில் ‘ரெபாயிம்’ என்ற எபிரேயச் சொல் இந்த இடத்தில் இராட்சதர் என்றே நிற்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழ்ப் பிள்ளையின் மனதில் கோரைப்பல்லும் பரட்டைத்தலையும்தான் எழும். ஓய்வுநாள் பள்ளியில் படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் அப்படித்தான் வரைகிறார்கள். அந்தக் கூட்டம் அழிந்தது என்றால் அவர்கள் கைதட்டுவதில் வியப்பில்லை.

உயரத்தைப் பற்றிய பேச்சு எப்படி வளரும் என்பதற்கு வேதத்திலேயே சாட்சி உண்டு. கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும் என்று எபிரேய மூலத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒன்பதரை அடி. அதைவிடப் பழமையான கும்ரான் சாமுவேல் சுருளிலும் செப்டுவஜின்டிலும் நான்கு முழமும் ஒரு சாணும்தான். ஏறத்தாழ ஆறரை அடி. கானானை வேவுபார்த்துத் திரும்பியவர்கள் ஏனாக்கியருக்கு முன்னால் தாங்கள் வெட்டுக்கிளிகளைப் போல இருந்ததாகச் சொன்னார்கள். எண்ணாகமம் அதை அவர்களுடைய பயத்தின் வார்த்தையாகவே எழுதுகிறது. பாசானின் ராஜா ஓகின் இரும்புக் கட்டில் ரப்பாவில் இருந்ததாம்; நீளம் ஒன்பது முழம். அது கட்டிலாக இருக்காது, பெரும் பலகைக் கற்களால் அமைந்த கற்திட்டையாகவோ கருங்கல் சவப்பெட்டியாகவோ இருந்திருக்கும் என்று சொன்ன ஆய்வாளர்கள் உண்டு. யோர்தான் பள்ளத்தாக்கின் தாமியா பகுதியில் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. அவற்றைக் கண்ட பிற்காலத்தாருக்கு இராட்சதர் நினைவு வந்திருக்கலாம். நம் ஊர்க் கற்திட்டைகளைக் கண்ட மக்கள் ‘குள்ளர் வீடு’ என்றும் சொல்லியிருக்கிறார்கள். கல்லறை கட்டியவர்களோ சராசரி உயரத்து மனிதர்கள்.

இராட்சதர் என்று நாம் வாசிக்கும் ரெபாயிமுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. சிரியக் கடற்கரையில் ராஸ் ஷாம்ரா என்ற இடத்தில் 1929-ல் தொடங்கிய அகழாய்வில் உகாரித் நகரத்தின் களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ‘ரபீயும்’ என்போர் மாண்டுபோன அரச முன்னோர். சடங்குகளில் பெயர் சொல்லி அழைக்கப்படும் மதிப்புக்குரியவர்கள். எபிரேய வேதத்திலும் ஏசாயாவும் நீதிமொழிகளும் அந்தச் சொல்லை மரித்தோர் என்ற பொருளில் வழங்குகின்றன. ஒரு வீட்டில் பூட்டன், பாட்டன் என்று வணங்கப்பட்டவர்கள் அடுத்த வீட்டுக் கதையில் அரக்கர்களாகிவிட்டார்கள். கதை சொல்லும் வீடு எது என்று கேட்காமல் இதை எப்படிப் பிரசங்கிப்பது?

இது இஸ்ரவேலுக்கும் நேர்ந்ததுதான். வேதத்துக்கு வெளியே இஸ்ரவேல் என்ற பெயர் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடம் எகிப்திய அரசன் மெர்னெப்தாவின் வெற்றித்தூண். கி.மு. 1208-ஐ ஒட்டியது, 1896-ல் பிளிண்டர்ஸ் பெட்ரி தீப்ஸில் கண்டெடுத்தார். அதில் இஸ்ரவேல் பாழாக்கப்பட்டது, அதற்கு வித்தே இல்லாமல் போயிற்று என்ற பொருளில் எழுதியிருக்கிறது. மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டு 1868-ல் தீபானில் வெளிப்பட்டது. இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இஸ்ரவேல் என்றென்றைக்குமாய் ஒழிந்தது என்று அவனும் பெருமைப்பட்டுக்கொள்கிறான். வெற்றி தந்தவர் தன் தெய்வம் கேமோஷ் என்கிறான். இந்த இரண்டு கற்கள் மட்டுமே மிஞ்சியிருந்தால், இஸ்ரவேலும் நமக்கு ஒற்றை வரியில் அழிந்த இன்னொரு சம்சூமியராக இருந்திருக்கும். இஸ்ரவேல் தன் கதையைத் தானே சொல்லிக்கொள்ள வாய்த்தது. சம்சூமியருக்கு அது வாய்க்கவில்லை. இந்த வேறுபாட்டை வைத்து யார் மனிதர், யார் அரக்கர் என்று நாம் தீர்ப்பு எழுதலாகாது.

அடுத்தவர் பேச்சைக் குறைவாக எண்ணுவது பெயரோடு நிற்பதில்லை. நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரம் நடக்கும் இடம் இதே யோர்தான் கரை. யெப்தா அம்மோனியரை வென்ற கையோடு நடக்கும் கதை. கீலேயாத்தியர் ஆற்றுத்துறைகளைப் பிடித்துக்கொண்டு, கடக்க வந்தவர்களை ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமியர் வாயில் அது ‘சிபோலேத்’ என்று வந்தது. ஓர் எழுத்தின் ஒலிக்காக அவர்களை வெட்டினார்கள். தமிழருக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்ற வாய்ப்பில்லை. 1983 ஜூலையில் இலங்கையில் பேருந்துகளை மறித்தவர்கள், வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழர்களைப் பிரித்தெடுத்தார்கள். முதலெழுத்து பிசகியவர்கள் கொல்லப்பட்டார்கள்.

நான் பணியாற்றிய பள்ளியில் நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் ஆறாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தான். அவன் தன் தங்கையிடம் ஏதாவது சொன்னால் மற்ற பிள்ளைகள் வாயைக் கோணிக்கொண்டு ‘கசகச’ என்று ஒலியெழுப்புவார்கள். அவனிடம், வீட்டில் நீங்கள் உங்களை என்னவென்று சொல்லிக்கொள்வீர்கள் தம்பி என்று கேட்டேன். “வாக்ரி, டீச்சர். எங்க பேச்சு வாக்ரி போலி” என்றான். அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். எழுதினான். அந்த வகுப்பில் அதன்பிறகு அந்த ஒலி வரவில்லை. பிள்ளைகள் கெட்டவர்களாக இருந்ததில்லை. பேருள்ள மொழி அது என்று அவர்களுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

2022 டிசம்பரில் நாடாளுமன்றம் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் இந்த மக்களைச் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. நீண்ட காலக் கோரிக்கை. மனமார வரவேற்க வேண்டியது. ஆனால் பட்டியலில் ஏறிய பெயர்கள் நரிக்குறவன், குருவிக்காரன். இரண்டும் அவர்கள் பிடித்து விற்றதை வைத்து மற்றவர்கள் சூட்டியவை. அந்தமானில் ‘ஜாரவா’ என்று அரசு எழுதும் மக்களுக்கு அந்தப் பெயர் அக்கம்பக்கத்துத் தீவுக் குடிகளிடமிருந்து வந்தது. அவர்கள் தங்களை ‘அங்’ என்கிறார்கள்.

நான் சொல்வதைக் கேட்டு ஒரு மூத்த விசுவாசி வருத்தப்பட்டார். வேதத்தில் ஆண்டவரே அவர்களை அழித்தார் என்று எழுதியிருக்கும்போது, நீங்கள் அவர்களுக்காகப் பரிந்து பேசலாமா அம்மா என்றார். அந்தக் கேள்வியை லேசாக ஒதுக்கிவிட முடியாது. அந்த வசனத்தை நான் மறைக்கவும் மாட்டேன். ஆனால் அந்த வசனம் எனக்குக் கொலையை வாழ்த்தச் சொல்லவில்லை. மண் எவருக்கும் நிரந்தரமில்லை, இன்று குடியிருப்பவர்களும் ஒருநாள் ‘முன்னே இருந்தவர்கள்’ ஆவார்கள் என்பதே அந்த அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அம்மோனியருக்கே அப்படித்தானே ஆயிற்று? இறந்துபோன மக்களுக்காகப் பரிவது வேதத்துக்கு விரோதமென்று எந்த வசனமும் எனக்குச் சொல்லவில்லை.

பழகிப்போன பெயரை மாற்றினால் குழப்பம் வராதா என்று கேட்பவர்களும் உண்டு. சான்றிதழ், உதவித்தொகை, இட ஒதுக்கீடு எல்லாம் பட்டியலில் உள்ள பெயரைப் பிடித்துக்கொண்டே நடக்கின்றன. அதைத் திடீரென்று எடுத்தால் பாதிக்கப்படுவது அந்த மக்களே. உண்மைதான். அதனால்தான் உபாகமத்தின் வழியை நான் பரிந்துரைக்கிறேன். அது பெயரை அழிக்கவில்லை. பெயரையும் சொல்கிறது, சூட்டியவரையும் சொல்கிறது. சாதிச் சான்றிதழில் பட்டியல் பெயருக்கு அருகே அந்த மக்கள் தங்களை அழைக்கும் பெயரை எழுத ஓர் இடம் ஒதுக்கினால் எந்தச் சலுகையும் கெடாது. சமூக அறிவியல் பாடநூலில் ஒரு பழங்குடியைப் பற்றிய பாடம் அவர்களுடைய சொந்தப் பெயரோடும் மொழியின் பெயரோடும் தொடங்கட்டும். மற்றவர்கள் வைத்த பெயர் அடுத்த வரியில் வரட்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருபவர் கையிலுள்ள பட்டியலை நீட்டுவதற்கு முன், நீங்கள் உங்களை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்கட்டும்.

குருவானவர்களுக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இன்னும் எளியது. உபாகமம் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கும்போது சம்சூமியரை இராட்சதக் கதையாக்கித் தாண்டிவிடாதீர்கள். அம்மோனியர் அப்படி அழைத்தார்கள் என்ற பகுதியை அழுத்தி வாசியுங்கள். அவர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அதற்கு விடை கிடைக்காது. ஆனால் தன் தெருவிலும் வகுப்பிலும் இருக்கும் ஒருவரிடம் அதே கேள்வியைக் கேட்க அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும். அங்கே விடை சொல்ல ஆள் உயிரோடு இருக்கிறார்.